வாசலுக்குள் போகாத கதிரை

நான் பாரிசுக்கு வந்த முதல் இலையுதிர்காலத்தில் எங்களிடம் ஒரு கதிரைகூட இருக்கவில்லை. லா சப்பலில் ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில் ஒற்றை அறை. கட்டில், மடிக்கிற மேசை, அடுப்பு, கூரையில் ஒரு சின்ன யன்னல். சாப்பிடுவதும் கட்டிலில்தான், வாசிப்பதும் கட்டிலில்தான். கணவருக்கு ரெஸ்ரோறன்ட் குசினியில் வேலை. மத்தியானச் சமையல் முடிந்து வீட்டுக்கு வந்தால் பின்னேரம் திரும்பவும் போகவேண்டும். அந்த இடைவெளியில் அவர் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து கிடப்பார். நான் அவருடைய காலடியில், சுவரோடு சாய்ந்து, முழங்காலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருப்பேன். முதுகு உளையும். அடிக்கடி நெளிந்துகொண்டே பக்கம் புரட்டுவேன்.

அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவரும் அவரோடு வேலை செய்யும் ஒருவரும் பச்சை வெல்வெட் போட்ட பெரிய கைப்பிடிக் கதிரையொன்றைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். இந்த ஊரில் வீட்டில் வேண்டாத சாமான்களை நடைபாதையில் எடுத்து வைத்துவிடுவார்கள். லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அன்றைக்கு லொறியை இவர் முந்திவிட்டார்.

“நீர் இருந்து வாசிக்கத்தான்” என்றார். தலைமயிரெல்லாம் மழைத்துளி.

கதிரை வாசலுக்குள் போகவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சரித்துப் பார்த்தார்கள், தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தார்கள். எப்படிப் பிடித்தாலும் ஏதாவதொரு மூலை கதவு நிலையில் இடித்தது.

“அளந்து பாக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“றோட்டிலை பாக்கேக்கை சின்னனாத்தான் கிடந்தது.”

கூட வந்தவர் சிரித்துவிட்டார். இரண்டு பேருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. “இப்ப இதிலையே கிடக்கட்டும், நாளைக்கு ஒரு வழி பாப்பம்” என்று சொல்லிவிட்டுக் கணவர் படியிறங்கி ஓடினார். அந்த ‘நாளைக்கு’ பல வாரங்களாக வரவில்லை.

கதிரை படிகள் முடியும் இடத்தில், எங்கள் கதவுக்கும் எதிர்வீட்டுக் கதவுக்கும் நடுவே கிடந்தது. மறுநாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் அதில் உட்கார்ந்தேன். பக்கத்தில் முற்றத்தைப் பார்த்த யன்னல். கீழே நின்ற ஒற்றை மரம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கதிரைக்குப் பின்னால் கட்டடத்தின் வெந்நீர்க் குழாய் மேலே ஏறிப் போனதால் முதுகுக்கு இளஞ்சூடு கிடைத்தது. கால்களை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். ஊரை விட்டு வந்தபின் என் உடம்பு முதன்முதலாக இளகியது அந்தக் கதிரையில்தான்.

ஒரே குறை வெளிச்சம். படிக்கட்டு விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். சரியாகக் கதையில் நல்ல இடமாகப் பார்த்துத்தான் அணையும். எழும்பிப் போய்ச் சுவரிலிருந்த பொத்தானை அமத்திவிட்டு வருவேன். வந்து உட்கார்ந்து விட்ட வரியைத் தேடுவதற்குள் அடுத்த இருட்டு வந்துவிடும் போலிருக்கும். கீழ்மாடிக்காரர்கள் விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். படியேறி வருகிறவர்கள் தங்கள் தளத்தில் ஒருமுறை பொத்தானை அமத்திவிட்டு, “பொன்ஜூர்” என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

புத்தகங்கள் தெருவிலிருந்த தமிழ்க் கடையில் வாங்கியவை. பலசரக்குக் கடைதான். ஊதுபத்திப் பெட்டிகளுக்கும் நாட்காட்டிகளுக்கும் பக்கத்தில் கொஞ்சம் நாவல்களும் அடுக்கியிருக்கும். கணவர் வாசிக்கிற ஆள் இல்லை. ஆனால் கதிரை வந்தபின் அவரும் கட்டிலை விட்டு எழும்பி வந்து, எனக்குக் கீழே படியில் தேத்தண்ணியோடு உட்காரத் தொடங்கினார்.

“சத்தமாத்தான் வாசியுமன், நானும் கேக்கிறன்” என்றார் ஒருநாள்.

வாசித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் அவருடைய தலை கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துவிட்டது. நிறுத்தினேன். கண்ணைத் திறக்காமலே, “நித்திரை இல்லை, வாசியும்” என்றார். வேலைக்குப் புறப்படும்போது சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு, “பிறகு அந்தப் பெட்டைக்கு என்ன நடந்தது?” என்று கேட்பார். நித்திரையில் விட்டுப்போனதையெல்லாம் நான் சுருக்கிச் சொல்லவேண்டும். சில நாட்களில் கதையைக் கேட்டுக்கொண்டே அரைவாசிப் படி இறங்கியிருப்பார். மிச்சத்தை நான் மேலிருந்து கத்திச் சொல்லுவேன்.

எதிர்வீட்டில் ஒரு பிரெஞ்சுப் பெண் தனியாக இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. என்னைப் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். பொது இடத்தில் கதிரை போட்டிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். ஒரு மாலை அவர் படியேறி வந்தபோது விளக்கு அணைந்தது. நான் எழும்பப் போனேன். இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு மேசை விளக்கு இருந்தது. தன் கதவுக்கு அடியால் வயரை இழுத்துவிட்டு, விளக்கை யன்னல் விளிம்பில் வைத்துச் சுவிச்சைப் போட்டார். புத்தகத்தின் இரண்டு பக்கத்திலும் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

“வுவாலா” என்றார், இந்தா பார் என்கிற மாதிரி.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் சேர்த்து நன்றி சொன்னேன். அதற்குள் அவர் கதவைச் சாத்திவிட்டார்.

குளிர் இறுகத் தொடங்கிய நேரத்தில் கீழ்வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். படிக்கட்டில் வைத்திருக்கும் சாமான்களை எடுக்கவேண்டும், தீப்பிடித்தால் ஆபத்து. கணவர் அதை வாசித்துவிட்டு வந்து கதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“திரும்ப றோட்டிலை வைக்கவேண்டியதுதான்” என்றார்.

“ஓம்” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கதிரையில் கிடந்த போர்வையை மடித்தேன். நடைபாதையில் கிடந்த ஒரு பழைய கதிரைக்காக அழுவதா என்று வெட்கமாக இருந்தது.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும்போது எதிர்க்கதவு திறந்தது. என்ன நடக்கிறதென்று புரிந்துகொண்ட அந்தப் பெண் தன் கதவைத் தொட்டுக் காட்டி, கழற்றுவது போலக் கைகளால் சைகை செய்தார். தன்னுடைய அலுமாரியை அப்படித்தான் உள்ளே கொண்டுபோனாராம். ஒரு திருப்புளியும் கொண்டுவந்தார். எங்கள் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தோம். கதிரையைக் கவிழ்த்து நாலு காலையும் கழற்றினோம். மூன்று பேரும் தள்ளினோம். வெல்வெட் ஒரு பக்கம் சரக்கென்று கிழிந்தது. கதிரை உள்ளே போய்விட்டது.

அதன்பிறகு அறையில் நடக்க இடமில்லை. கட்டிலில் ஏறித்தான் அடுப்புக்குப் போகவேண்டும். நாங்கள் மூன்று பேரும் அன்றைக்கு அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். விளக்கைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, லீவு நாட்களில் அவர் வந்து கட்டில் ஓரத்தில் இருப்பார். இஞ்சித் தேத்தண்ணி கொடுப்பேன். எனக்குப் பிரெஞ்சு சரியாக வராது, அவருக்குத் தமிழ் தெரியாது. கையிலிருந்த புத்தகத்தைக் காட்டி வாசிக்கச் சொல்லுவார். வாசிப்பேன். ஒருநாள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். நான் வாசித்துக்கொண்டிருந்தது கலியாணப் பந்தியில் பாயாசம் காணாது என்று இரண்டு சம்பந்திகள் பிடித்த சண்டை. அதைப் பிரெஞ்சில் விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. சிரிப்பில் கணவரின் நித்திரையும் கலைந்தது.

சில வருடங்களில் எதிர்வீட்டுப் பெண் தெற்கே தன் தங்கையிடம் போய்விட்டார். நாங்கள் பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்துக்கு வந்தோம். கதவைத் திரும்பவும் கழற்ற மனமில்லாமல் கதிரையை அந்த அறைக்கு அடுத்து வந்த பொடியனுக்கே விட்டுவிட்டோம். விளக்கு மட்டும் எங்களோடு வந்தது. ஒரு குளிர்காலத்தில் அதன் வயர் கருகி அதுவும் போய்ச்சேர்ந்தது.

இப்போது எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. போன இலையுதிர்காலத்தில் மகள் தன் முதல் சம்பளத்தில் சாய்ந்து இருக்கக்கூடிய கதிரையும் கம்பளிப் போர்வையும் வாங்கித் தந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, “யாரும் உங்களைக் குழப்ப மாட்டோம்” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனாள். வெதுவெதுப்பான அறை, நல்ல வெளிச்சம், அணையாத விளக்கு. பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் எனக்குக் கண் சொருகிவிட்டது.

அதனால் அந்தக் கதிரையைப் பெரும்பாலும் பகல் தூக்கத்துக்குத்தான் வைத்திருக்கிறேன். மகளுக்குச் சொல்லவில்லை. மழை நாட்களில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குசினி மேசைக்குப் போய்விடுவேன். அங்கே கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார், மகள் தொலைபேசியில் யாரோடோ பேசிக்கொண்டிருப்பாள். ஒரே பக்கத்தை இரண்டு தரம் வாசிக்கவேண்டி வரும். கண்ணும் கொஞ்சம் எரியும். ஆனாலும் ஒரு புத்தகம் முடிகிறது.