விபூதிச் சம்படத்தில் கிடந்த மாத்திரை

இதை எழுதலாமா கூடாதா என்று நான்கு வருஷம் தள்ளிப்போட்டேன். ஒரு தடவை இரண்டு பக்கம் எழுதி, பட்டறையில் மோட்டார் ஆடாமல் இருக்க அதையே மடித்து அடியில் சொருகிவிட்டேன். இன்னொரு தடவை எழுதியதை நானே படித்துப் பார்த்து, வெட்கப்பட்டு அடுப்பில் போட்டேன். நான் எட்டாவது வரை படித்தவன். உத்திரமேரூர் பக்கத்தில் எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன், கொஞ்சம் நிலமும் உண்டு. எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் பிழை இல்லை, ஆண்டவன் சாட்சி.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். தப்பு என்னுடையது. அதை என் வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதுவிட்டேன், சாமியிடமும் சொல்லிவிட்டேன். மூன்றாவதாக ஒருவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு ரத்தம் பார்த்ததில் இல்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுந்து கும்பிட்டேன். வாட்ச்மேன் என்னைத் தூக்கிவிட்டு, "வெயில்ல மயக்கமா?" என்று சோடா வாங்கிக் கொடுத்தார்.

மருந்து ஒரே மாத்திரைதான். மூன்று மருந்தைச் சேர்த்து ஒன்றாகச் செய்தது, ஒரு நாளைக்கு ஒரு வேளை. ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் மேடம், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னார். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். நன்றாக ஆகிவிட்டோம் என்று நினைத்து நிறுத்தக் கூடாது. யாருக்கும் கொடுக்கக் கூடாது. வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் டானிக், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை இதெல்லாம் அதோடு சேர்த்துப் போடக் கூடாது, கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ரத்தத்தில் கிருமி பரிசோதனையிலேயே தெரியாத அளவுக்குக் குறைந்து, மாத்திரையையும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தால், வீட்டுக்காரிக்கு என்னால் தொற்றாது. இந்தக் கடைசி வார்த்தைக்காகவே நான் அந்த மாத்திரையை அமிர்தமாக நினைத்தேன்.

சிக்கல் வீட்டில் இருந்தது. அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. தெரிந்தால் ஒரே தட்டில் கை வைக்க விடுவார்களா, என் பெண்டாட்டியைத் தண்ணீர்க் குடத்தைத் தொட விடுவார்களா என்பதுதான் என் பயம். அண்ணி நல்ல மனசுக்காரி. ஆனால் மூடி போட்ட எதையும் திறந்து பார்த்துவிடுவார். மாத்திரைப் பாட்டிலை அரிசி டின்னில் வைத்தால் அளந்து போடும்போது எடுப்பார். பீரோவில் வைத்தால் பாச்சை உருண்டை வைக்க வருவார். பாட்டிலை ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வேறு.

அப்போதுதான் சாமியே புத்தி கொடுத்தார் என்று நினைத்தேன். பூஜை மாடத்தில் என் விபூதிச் சம்படம் இருந்தது. குளித்துவிட்டு நான் மட்டும்தான் தொடுவேன். தினமும் பூஜை முடிந்ததும் நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது என் சின்ன வயசுப் பழக்கம். மாத்திரையும் வெள்ளை, விபூதியும் வெள்ளை. முப்பது மாத்திரையையும் விபூதிக்குள் புதைத்துவிட்டேன். ஒரு சிட்டிகையில் மாத்திரை மறையாது, துருத்திக்கொண்டு தெரியும். அதனால் உள்ளங்கை நிறைய விபூதி எடுத்து, நடுவில் மாத்திரையை வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் தூவி, பஞ்சாட்சரம் சொல்லி வாயில் கவிழ்த்துக்கொள்வேன். புரைக்கேறி இருமினால் வெள்ளைப் புகை வரும்.

என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். அவளுக்கு இது பிடிக்கவில்லை.

"ஏங்க, மருந்தோட மண்ணையா துன்றது?"

"மண்ணுன்னு சொல்லாத. அது சாமி பிரசாதம்."

"சாமி நெத்திக்குக் குடுத்தாரு. இப்டி கொயம்பு ஊத்திக்கிற மாதிரி அள்ளிப் போட்டுக்கச் சொன்னாரா?"

நான் கோபித்துக்கொண்டேன். அவள் தண்ணீர்ச் சொம்பை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

சில மாதத்தில் எனக்கு உடம்பு தேறியது. கன்னம் வந்தது. சட்டைப் பொத்தான் இழுத்துப் பிடித்தது. நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அண்ணி அதைக் கண்டுபிடித்துவிட்டார். குழாயடியில் நின்று அவர் பேசியது என் காதில் விழுந்தது.

"எங்க கொழுந்தனாரு முன்ன எப்டி இருந்தாரு, ஒணந்த கத்திரிக்கா மாதிரி. டானிக் இல்ல, ஊசி இல்ல. வெறும் விபூதி. கையில அள்ளி அள்ளிப் போட்டுக்கினு கீறாரு. இப்ப பாரு, மாப்ள மாதிரி கீறாரு."

மறுநாள் காலையில் வாசலில் மூன்று பேர். ஒருவருக்கு முழங்கால். ஒரு அம்மாவுக்கு மருமகள் பேசுவதில்லை. இன்னொருவர் பம்புசெட் ரிப்பேருக்கு வந்தவர், வந்ததோடு வந்ததாகக் கையை நீட்டினார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். மாத்திரை எங்கே கிடக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்து, ஓரத்தில் இருந்து கிள்ளிக் கொடுத்தேன். நான் கண்ணை மூடித் தடவியதைத் தியானம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பட்டறைக்கு அடுத்து அரிசிக் கடை வைத்திருக்கும் பாய் என்னை ஓட்ட ஆரம்பித்தார். "இன்னா சாமியாரே, நம்ம கடைக்கும் ஒரு பொட்டலம் குடு. யாவாரம் ரொம்ப பேஜாரா கீது."

"நீ வேற, பாய். நானே நொந்துபோய்க் கீறேன்."

"சாமியாருங்க நொந்துக்கக் கூடாதுப்பா. அப்பறம் மழ வராது."

ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது, மாடு வைத்திருக்கும் அம்மா ஒருவர் வந்து, பசு சரியாகக் கறப்பதில்லை என்று அண்ணியிடம் அழுதிருக்கிறார். அண்ணி எனக்காகக் காத்திருக்கவில்லை. சம்படத்தில் கையை விட்டு ஒரு பிடி பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்த அம்மா என்னிடமே வந்தார்.

"சாமி, தவிட்டுல கலந்து வெச்சேன். அன்னிக்கு மாடு அரை லிட்டரு கூட குடுத்துச்சி. அதுல ஒரு கட்டி இருந்துச்சே, அது மாதிரி இன்னொண்ணு குடேன்."

உள்ளே போய்ச் சம்படத்தைப் பேப்பரில் கொட்டிச் சலித்துப் பார்த்தேன். ஒன்று குறைந்தது.

அந்த வாரத்தில்தான் ஆறு மாத ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கும் நாள் வந்தது. செம்புக் கம்பி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். மிச்ச மாத்திரையைத் துண்டால் துடைத்துப் பாட்டிலில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். மேடம் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிருமி குறைந்திருக்கிறது, ஆனால் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை என்றார். என் வீட்டுக்காரி முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.

"மாத்திரை விட்டுட்டீங்களா?"

"ஒரு நாள் கூட இல்ல மேடம். சத்தியமா."

பாட்டிலைக் கொட்டி எண்ணினார். "ரெண்டு மிச்சம் இருக்கணும். ஒண்ணுதான் இருக்கு. அந்த ஒண்ணு எங்க?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மாடு சாப்ட்டுடுச்சி மேடம்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எவ்ளோ விபூதி?" என்று கேட்டார். உள்ளங்கையைக் குழித்துக் காட்டினேன். என்னை டாக்டரிடம் கூட்டிப் போய், அவரிடமும் கையைக் குழித்துக் காட்டச் சொன்னார்.

டாக்டர், "வேற மருந்து எதுவும் சாப்பிடறீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டோமே," என்றார்.

"விபூதி மருந்தா சார்? அது சாமியாச்சே."

"சாமிதான். ஆனா கடையில வாங்கற விபூதி எல்லாமே சாணச் சாம்பல் இல்ல. சுண்ணாம்புக்கல் பொடியும் கலப்பாங்க. சாம்பல்லயும் சுண்ணாம்பு உண்டு. சுண்ணாம்புச் சத்து மாத்திரைய இதோட போடாதீங்கன்னு சொன்னது இதுக்குத்தான். அது மருந்தப் புடிச்சி வெச்சிக்கும், ஒடம்புல சேர விடாது. இதனாலதான்னு நான் அடிச்சிச் சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்கோட நிறுத்துங்க. மாத்திரை அதோட பாட்டில்லயே இருக்கட்டும். ஈரத்த உறிஞ்ச உள்ள ஒரு சின்னப் பை இருக்கே, அதத் தூக்கிப் போடாதீங்க. மூணு மாசம் கழிச்சி மறுபடி ரத்தம் பாப்போம். அப்பவும் கொறயலன்னா மருந்த மாத்த வேண்டி வரும்."

ஆறு மாதமாக நான் பக்தியால் மருந்தைக் கட்டிப் போட்டிருக்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்காரியிடம் சொன்னபோது, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாளில் இருந்து மாத்திரையைப் பட்டறையில் வைத்துக்கொண்டேன், ஷட்டர் தூக்கியதும் தண்ணீரோடு போட்டேன். வீட்டில் விபூதி நெற்றிக்கு மட்டும். அண்ணி அதையும் பார்த்துவிட்டார். "இன்னா கொழுந்தனாரே, வாயில போடல?" என்றார். விரதம் என்றேன். விபூதியை விடுவதற்கு ஒரு விரதம் உலகத்திலேயே நான்தான் கண்டுபிடித்திருப்பேன்.

இத்தோடு போயிருந்தால் நான் யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டேன். ஒரு வாரம் கழித்து, காலையில் டிபனுக்கு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் தட்டுக்கு முன்னால் விபூதி ஒரு குவியல். அண்ணனுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. முகம் வாடியிருந்தது, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்.

"சுகர் மாத்தர போட்டியாண்ணா?"

"அத்த வுட்டு பத்து நாளாவுது. இதான் இப்ப." விபூதியை அள்ளினார். "உனுக்கு வேல செஞ்சிது, எனுக்குச் செய்யாதா? ஒரே அப்பன் புள்ளங்கதான?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விபூதி இட்லி மேல் கொட்டியது. என் மனைவி அடுப்படியில் இருந்து என்னைப் பார்த்து, மெதுவாகத் தலையை ஆட்டினாள். சொல் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

"எனுக்கு விபூதி வேல செய்யலண்ணா. அதுக்குள்ள மாத்தர இருந்திச்சி."

"இன்னா மாத்தர?"

என்ன மாத்திரை, என்ன நோய், எத்தனை மாதம், எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அண்ணிதான் முதலில் பேசினார்.

"அப்ப, அந்த மாட்டுக்கு?"

"மாட்டுக்கு ஒண்ணும் ஆவாது அண்ணி."

"அந்த அம்மா வூட்டு பால்தான நாம வாங்கறோம். அந்த காப்பியத்தான இத்தினி நாளா குடிச்சிக்கினு கீறோம்."

"பால்ல வராது. தட்டுல வராது, டம்ளர்ல வராது, தொட்டா வராது. ஆஸ்பத்திரில எயுதியே ஒட்டி வெச்சிருக்காங்க."

"மாடு துன்னது மருந்துதான," என்றார் அண்ணன். "நோயி இல்லியே. நீ சும்மா இரு." பிறகு என் பக்கம் திரும்பி பார்த்தார். திட்டப் போகிறார், தனியாகப் போய்விடு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரி முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எத்தினி வேள போடணும்?"

"ஒரு வேளதாண்ணா."

"எத்தினி?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணா? எனுக்குக் காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு, சாப்பாட்டுக்கு முன்ன ஒண்ணு." அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நான் இன்னா பாவம் பண்ணேன்?"

கோபத்தோடே எழுந்து போய்த் தன் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ச் சர்க்கரை பார்த்தோம். ஏகமாக ஏறியிருந்தது. டாக்டர் திட்டிய திட்டு முழுவதையும் நான்தான் வாங்கிக்கொண்டேன்.

அண்ணி சில நாள் என் டம்ளரைத் தனியாக வைத்தார். அதை மறைக்க மாட்டேன். என் வீட்டுக்காரி தினமும் அந்த டம்ளரில்தான் தண்ணீர் குடித்தாள், அண்ணி பார்க்கும்படியாக. எந்த நாளில் அது மறுபடி மற்ற டம்ளரோடு சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்ததில், கிருமி தென்படவில்லை என்று வந்தது. குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். நிறுத்தினால் திரும்ப வரும். இதை மேடம் இரண்டு தடவை சொன்னார், என்னையும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். இந்த மாத்திரை சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்கிறதா என்று பார்க்கவும் ரத்தம் எடுக்கிறார்கள். வீட்டுக்காரிக்கு இன்று வரை இல்லை.

மாகறல் சிவன் கோயிலுக்குப் போய், தெரியாமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். குருக்கள் விபூதி கொடுத்தார், நெற்றியில் மட்டும் வைத்தேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. என் மேல் வைத்த கருணையைத்தான் அவர் மாத்திரையாகச் செய்து கொடுத்திருக்கிறார், அதை இலவசமாகவும் கொடுத்திருக்கிறார் என்று நம்புகிறேன்.

தெருவில் இன்னும் சிலர் காலையில் கையை நீட்டுகிறார்கள். விபூதி கொடுக்கிறேன். "டாக்டர் குடுத்த மாத்தரய விடாதீங்க, அப்பத்தான் இது பலிக்கும்" என்று சொல்லிக் கொடுக்கிறேன். அதைக் கேட்கிறார்கள். வெறுமனே மாத்திரை போடு என்றால் கேட்க மாட்டார்கள்.

இதைப் படித்தவர்கள் தெரிந்தவர் யாருக்காவது சொல்லுங்கள். இந்த மாத்திரையை எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டு, எதனோடோ சேர்த்து விழுங்கிக்கொண்டிருக்கிற ஆள் உங்கள் ஊரிலும் இருப்பான். ஆனால் சொல்லும்போது நான் எழுதியபடியே சொல்லுங்கள். எங்கள் தெருவில் கதை ஒரு வாசல் தாண்டினால் ஒரு அற்புதம் கூடிவிடும், இரண்டு வாசல் தாண்டினால் மாத்திரை காணாமல் போய்விடும். நீங்கள் கூட்டவும் வேண்டாம், மாத்திரையை விட்டுவிடவும் வேண்டாம்.