வெங்காயத்தில் தேறிய கண்ணாடி

இன்றைக்குக் கண்டி டவுனில் ஒரு கடையையே அழ வைத்துவிட்டேன்!

போன கிழமை எங்கள் பட்டறையில் சாணைக்கல்லிலிருந்து தெறித்த இரும்புத் துகள் முருகேசு அண்ணனின் கண்ணில் பாய்ந்தது. இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை. அந்தக் கல்லில் இப்போது நான்தான் நிற்கிறேன்.

அதனால் கண்ணாடி வாங்க இரும்புக் கடைக்குப் போனேன். மோட்டார் ஓட்டுகிறவர்கள் போடும் கண்ணாடியில் மூன்று ரகம் எடுத்து வைத்தார் கடைக்கார நானா.

"எல்லாம் நல்ல சாமான்தான்."

"பார்த்தால் தெரியாது நானா. ஒரு கத்தி தாங்க."

சந்தையில் வாங்கிய வெங்காயத்தைப் பையிலிருந்து எடுத்தேன். காரம் நுழையாத கண்ணாடிக்குள் இரும்பும் நுழையாது, அதுதான் என் கணக்கு.

முதல் கண்ணாடியில் கண் எரிந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான். தோல் விளிம்பு வைத்த மூன்றாவதைப் போட்டுக்கொண்டு நாலு வெங்காயம் நறுக்கினேன். நானா அழுகிறார், ஆணி வாங்க வந்த இருவர் அழுகிறார்கள், எனக்கு ஒரு சொட்டு இல்லை!

அதையே வாங்கி, துள்ளிக்கொண்டு மஹய்யாவ வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஈர விறகை ஊதிக்கொண்டிருந்த என் மனைவி, கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி ஊதினாள். அப்புறம் கழற்றவே இல்லை.

"ஏங்க, இத்தனை வருஷமா இது கடையில இருந்துச்சா?"



நாளைக் காலையில் கடை திறந்ததும் எனக்கு ஒன்று வாங்கப் போகிறேன். உங்கள் வீட்டு அடுப்படிக்கு எத்தனை வேண்டும், சொல்லுங்கள்.