ஆறிக் கிடந்த வண்டியின் சூடு

என் மேசையில், குறிப்பேட்டின் மேல், கட்டைவிரல் நுனி அளவில் ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. காரின் கியர்பாக்ஸ் எண்ணெய் எவ்வளவு சூடு என்று சொல்லும் சென்சார் அது. பொய் சொன்னதால் கழற்றப்பட்டது. கழற்றிய மேஸ்திரி, சக்குபள்ளம் என்ற மலையூரில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தார்.

மனைவியின் பள்ளி வேலைக்காகப் பாலக்காட்டின் கிழக்குக் கோடியிலிருந்து மலையேறியவர்கள் நாங்கள். இளம்பிள்ளை வாதத்தால் அவளுக்கு இடது கால் ஊன்றாது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் காரை மட்டுமே ஓட்டுவாள். அந்த மழைக்காலத்தில் வண்டி ஏற்றங்களில் கியர் மாறாமல் முனகியது. எண்ணெய் கொதிப்பதாக விளக்கு எரிந்தது. கீழே இரண்டு பட்டறைகளில் கியர்பாக்ஸ் போய்விட்டது, விற்றுவிடுங்கள் என்றார்கள். இன்னொரு கார் வாங்க எங்களால் முடியாது. பஸ் நிற்கும் வளைவிலிருந்து பள்ளிவரை நடக்க அவளாலும் முடியாது. வேலையை விடும் கடிதத்தை எழுதிப் பையில் வைத்துவிட்டாள்.

மேஸ்திரியிடம் என் குறிப்பேட்டை நீட்டினேன். எந்த நாள், எந்த வளைவு, எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் உண்டு. நின்றபடியே கடைசிவரை படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீக சார். ஆனா எல்லாம் மலை ஏறி வந்த பெறவு எழுதினது. வண்டி ஆறிக் கெடக்கையில ஒரு வரிகூட இல்லையே.”

“இவரு எந்திரிக்கறதே ஏழு மணிக்குத்தானுங்க, மேஸ்திரி,” என்றாள் மனைவி.

மலை ஏறிய வண்டி சூடாகத்தான் இருக்கும். அதனாலேயே அந்த விளக்கை நாங்கள் யாரும் சந்தேகிக்கவில்லை. அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விடியும்வரை வண்டி பனியில் கிடக்கட்டும் என்றார்.

காலையில் இன்ஜினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பி, சென்சார்கள் சொல்லும் எண்களைக் காட்டும் ஸ்கேனரைச் சொருகினார். இன்ஜின் தண்ணீர் பதினாறு டிகிரி. கியர்பாக்ஸ் எண்ணெய் நூற்றிருபத்தொன்று. அடியில் புகுந்து, எண்ணெய்த் தொட்டியில் உள்ளங்கையை வைத்தபடி கேட்டார்: “டீச்சர், ராத்திரி பூரா இதுக்கு அடுப்பு மூட்டினது யாரு?”

அப்போதும் அவர் அவசரப்படவில்லை. சென்சாரின் வயரைப் பிடுங்கினார். எண் சட்டென்று மைனஸ் நாற்பதுக்கு இறங்கியது. வயரில் பழுதிருந்தால் எண் அப்படியே நின்றிருக்குமாம். பிறகு சென்சாரைக் கழற்றி, பாலில்லாத கட்டன்சாயாவுக்குக் காய்ந்த வெந்நீரில் முக்கி மீட்டர் வைத்தார். முள் அசையவில்லை. மலைக்குக் கீழே கம்பம் ஊரிலிருந்து புதியது வந்த அன்றும், அதே வெந்நீரில் முக்கி, முள் நகர்வதைப் பார்த்த பிறகே மாட்டினார். எண்ணெய் கொதிக்கிறது என்ற பொய்யை நம்பித்தான் வண்டி கியரை மாற்றாமல் பிடித்து வைத்திருந்ததாம்.

ஏற்றத்தில் அவளையே ஓட்டச் சொன்னார். கியர் மாறியதே தெரியவில்லை. திரும்பி வந்ததும் கை துடைக்க ஒரு தாள் கேட்டார். அவள் பையிலிருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

நிறைய வாசிக்கிறவன் நான். எழுதியிருப்பதைச் சரிபார்க்கத் தெரியும். எழுதாமல் விட்ட நேரத்தைத் தேடிப் போகலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

மேஸ்திரி இப்போது கம்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கொட்டகை இருந்த இடத்தில் ஹோம்ஸ்டே ஒன்றின் பெயர்ப்பலகை நிற்கிறது. நான் ஆறு மணிக்கே எழுந்து, சின்ன ஸ்கேனர் ஒன்றைக் காரில் சொருகிப் பார்க்கிறேன்.

“ஏனுங்க, என்ன சொல்லுது?”

“தண்ணி பதினேழு. எண்ணெயும் பதினேழு.”

எழுதிவிட்டு, பக்கம் காற்றில் புரளாமல் பித்தளைத் துண்டை மேலே வைக்கிறேன். அவள் வண்டியை எடுக்கிறாள்.