வண்டி குடித்த தண்ணீர்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் தண்ணீருக்குத் தவித்தார்கள். ஒன்று அம்மா, இன்னொன்று அப்பாவின் பழைய வேன். வேனுக்குக் கேட்டதெல்லாம் கிடைத்தது.

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஆலங்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய், நான்கு மணி நேரம் படுத்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். குடிக்கிற தண்ணீர் உடம்பைவிட்டுப் போக வழியில்லாததால் ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கென்றே அப்பா ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை ஒதுக்கி, தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். குடத்தை அம்மாவுக்கு எட்டாத உயரத்தில் தூக்கி வைத்துவிட்டார். அம்மா ஒவ்வொரு டம்ளரையும் அரை மணி நேரம் வைத்துக் குடிப்பாள். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

வேன் கல்யாணச் சவாரிக்கும் முந்திரிக்கொட்டை மூட்டைக்கும் ஓடிய டீசல் வண்டி. என்னைவிட வயதில் மூத்தது. முன் சீட்டு இரண்டுக்கும் நடுவில் இன்ஜின், அதன்மேல் ரெக்சின் தைத்த மூடி. அந்த மூடிதான் என் இடம். இன்ஜினைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் தண்ணீர் எங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது. பாதி வழி ஓடுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். வம்பன் நாலு ரோட்டில் நிறுத்தி, ஆறவிட்டு, ஊற்றிக்கொண்டு கிளம்புவோம். ஒரு வெள்ளிக்கிழமை வண்டி வழியிலேயே நின்றுபோய் அம்மாவின் முறை தவறியது. மறுநாள் அம்மாவால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சை எண்ணி எண்ணி இழுத்தாள். அதற்குப் பிறகு அந்த ஒழுகலைக் கண்டுபிடிப்பது ஒன்றே அப்பாவின் வேலை என்றாகிவிட்டது.

ஐந்தாவது முடித்த முழுப்பரீட்சை லீவு எனக்கு. ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்றை நிரப்பி, பின் சீட்டில் அம்மாவின் காலடியில் வைப்பது என் பொறுப்பு. கலெக்டர் வேலை கிடைத்தமாதிரி அதைச் செய்தேன். புறப்படும்போது நிரப்பிய கேன் வம்பன் வருவதற்குள் கொஞ்சம் குறைந்திருக்கும், மூடியும் தளர்ந்திருக்கும்.

"மூடியக்கூட ஒழுங்கா திருகத் தெரியலையா? பாதித் தண்ணி தரையிலதான் போகுது" என்று அப்பா என்னைத் திட்டுவார்.

"பொம்பளப் புள்ளைய ஏங்க திட்டுறீங்க? வண்டி குலுங்குற குலுங்குக்கு எந்த மூடிதான் நிக்கும்" என்பாள் அம்மா.

எனக்காக அம்மா பேசிவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியாது.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற நர்ஸ் ஒவ்வொரு தடவையும் புருவத்தைத் தூக்குவார். அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது, தண்ணீர் எங்கே குடித்தீர்கள் என்று கேட்பார். அம்மா தரையைப் பார்ப்பாள். அப்பாவுக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "நாந்தாங்க அளந்து ஊத்துறேன். ஒரு சொட்டு கூடல. ஒங்க மெஷினப் பாருங்க" என்பார்.

ஒழுகல் பிடிபடவில்லை. சாயங்காலம் வண்டிக்கடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் காலையில் அது காய்ந்தே கிடக்கும். அப்பா குழாய்களைத் தடவிப் பார்த்தார், கிளிப்புகளை முறுக்கினார், ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்துக்கொண்டு வந்தார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் லாரி ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று சமையலறைக்குள் போய், மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து வந்து, அதில் பாதியை ரேடியேட்டருக்குள் கொட்டினார். மஞ்சள் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம். அடுத்த செவ்வாய் ஆலங்குடி தாண்டும்போதே முள் சிவப்பில் நின்றது.

ஆலங்குடியில் பட்டறையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, சேதி கேட்டு வந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மச்சான், சாம்பார் வச்சிருக்கீங்க. பருப்பு மட்டுந்தான் போடல."

அப்பா சிரிக்கவில்லை. "ஒங்கக்காவ வெள்ளிக்கெழம கொண்டுபோகணும் மாப்ள" என்றார்.

அதற்குமேல் மாமாவும் விளையாடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, சூடேறும்வரை காத்திருந்து, டார்ச் அடித்துக்கொண்டு குனிந்தார். அப்பாவின் முட்டாள்தனமே கடைசியில் வழி காட்டியது. இன்ஜினுக்குப் பின்பக்கம், கை நுழையாத சந்தில் ஓடிய சின்ன ரப்பர் குழாயின் அடியில் கோடு போட்டமாதிரி மஞ்சள் படிந்திருந்தது. குழாயில் வெடிப்பு. குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொள்ளும். சூடானால்தான் வாய் திறக்கும், வந்த தண்ணீரும் இன்ஜின் சூட்டிலேயே ஆவியாகிவிடும். தரையில் எப்படிச் சொட்டும்? மாமா மஞ்சளையெல்லாம் அலசி வெளியேற்றி, புதுக் குழாய் மாட்டி, பச்சைக் கூலன்ட் கலந்து நிரப்பினார்.

"இனிமே இது சொட்டுத் தண்ணி கேக்காது" என்று என் தலையில் தட்டிச் சொன்னார். நான் தெருவெல்லாம் ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா மட்டும் மாமாவிடம் "சரியாப் போச்சாடா தம்பி?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பழக்க தோஷத்தில் அந்த வெள்ளிக்கிழமையும் கேனை நிரப்பி வைத்தேன். முள் அசையவே இல்லை. ஆனாலும் அப்பாவுக்கு நம்பிக்கை வராமல், ஆஸ்பத்திரி வாசலில் ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கழுத்துவரை பச்சைத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பிறகு கேனைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு விரல் குறைந்திருந்தது. மூடி தளர்ந்திருந்தது, கீழே விரித்திருந்த சாக்கில் ஈரமில்லை. அப்பா கேனைத் திரும்ப அம்மாவின் காலடியில் வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்களை இறுக்கி மூடியிருந்தாள். அன்று நர்ஸ் எடையைச் சொன்னபோது அப்பா சண்டை போடவில்லை.

அன்றைக்கு அப்பா என்ன முடிவு செய்தார் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் சொன்னார். கேனை வண்டியிலிருந்து எடுத்துவிட்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதுக்கோட்டைக்குப் போகிற நாட்களில் காலை டம்ளரைப் பாதியாகக் குறைத்து, மிச்சத்தைச் சின்ன பாட்டில் ஒன்றில் ஊற்றி, அம்மாவின் பக்கத்தில் வைத்தார். "வண்டிக்குத்தான். எதுக்கும் இருக்கட்டும்" என்று பொதுவாகச் சொன்னார். அளவும் மீறாது, அவளும் தலைகுனிய வேண்டியதில்லை. எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. காலையில் அம்மாவுக்கு அரை டம்ளர்தான் கொடுத்தார் என்று அப்பாமேல் கோபம்கூட இருந்தது.

பாட்டில் வந்த முதல் நாள் வழியில் டீசல் போட நிறுத்தினோம். அப்பா இறங்கிப் போனார். நல்ல வெயில். அம்மா பாட்டிலைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்பா போன பக்கம் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாதான் சொல்லிவிட்டாரே, வண்டிக்கு இனி எதற்குத் தண்ணீர்? இந்த அப்பாவுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியாது. எட்டிப் பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திருகி, ஜன்னல் வழியாகக் கவிழ்த்தேன். வெயிலில் கொதித்த தரை அதை நொடியில் குடித்துவிட்டது.

அம்மாவின் கை ஜன்னல்வரை நீண்டது. பிறகு மெல்ல மடிக்குத் திரும்பியது.

"வண்டிதான் சரியாயிருச்சேம்மா. அதுக்குத் தண்ணி வேணாம்ல?" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. "ஆமா ஆத்தா. வண்டிக்கு வேணாந்தான்" என்றாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அவர்களோடு போகவில்லை. ஆடி முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். இப்போதும் அப்பா அந்தப் பாட்டில் பேச்சை எடுத்தால், "மொத நாளே முழுசாக் குடிச்சிருந்தா. காலிப் பாட்டிலப் பாத்ததும்தான் எனக்கு மனசு ஆறுச்சு" என்பார். அம்மா அவரிடம் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல முடியும் என்று தோன்றவும் இல்லை.

அன்று அப்பா வந்து ஏறியதும் காலிப் பாட்டிலைப் பார்த்தார். முகம் அப்படியே தெளிந்தது. ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தபடி வண்டியை எடுத்தார். அம்மா முந்திரிக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் முன்போல் கொதிக்காத இன்ஜின் மூடிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வண்டி சரியானதில் அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று திரும்பித் திரும்பி அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.