அத்தர் பூசிக்கொண்டு காய்ச்சலுக்குப் போன ஷரீப் பாய்

ஷரீப் பாய் போயிட்டார். விடியற்காலையில், ஆஸ்பத்திரியில்... சேதி கேட்டுப் போனைக் கீழே வைத்த நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் ஆடு அறுக்கிறவர். நான் அங்கிருந்து ராயபுரம், தண்டையார்பேட்டை கடைகளுக்குக் கறி ஏற்றிப் போகிற வேன் டிரைவர். வேலை முடிந்ததும் முன் சீட்டில் ஏறிக்கொள்வார்.

அவர் இதயத்தில் உலோக வால்வு. சிக்னலில் இன்ஜினை நிறுத்தினால் டிக் டிக் என்று கேட்கும்.

"இன்னா பாய், உள்ள வாட்ச் ஓடுதா?"

"ஓடிக்கினு கீது மாமு. நின்னா சொல்றேன்."

அந்த நக்கல்...

இந்த வருஷம் ஒரு காய்ச்சல் பிடித்தது. வரும், போகும், மறுபடி வரும். வேர்த்துக் கொட்டும்.

தண்டையார்பேட்டையில் ஏசி போட்ட ஒரு கிளினிக். முதல் தடவை வேலை முடிந்த கையோடு, ரத்தவாடை போகுமுன்னே நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கவுன்ட்டர் பெண்ணிடம், "இந்தக் கலீஜையெல்லாம் ஏன் உள்ள விடுற? வெளியில உட்கார வை" என்றான். பாய் காதில் விழும்படியே சொன்னான்.

அதற்கப்புறம் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, அத்தர் பூசிக்கொண்டுதான் அங்கே போவார். என்ன தொழில் என்று கேட்டால், "துணி வியாபாரம்."

"இன்னாத்துக்கு பாய் இந்தப் பொய்யி?"

"வுடு மாமு. உள்ள உட்கார வெச்சாங்கல்ல?"

உள்ளே உட்கார வைத்து என்ன கிழித்தான்? வால்வு கார்டைக் காட்டியும் ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. மாதக்கணக்கில் அதே காய்ச்சல் மாத்திரை.

மூச்சு வாங்கி நடக்க முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. அங்கேயும் துணி வியாபாரம் என்றே சொன்னார். அவர் மனைவி நூர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா துணி? ஆடு அறுக்குற மனுசன் டாக்டர் இவரு!"

அந்த டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். உடனே ரத்தம் எடுத்தார்கள்.

ஆட்டிலிருந்து வருகிற கிருமி. வால்வில் போய் உட்காருவது ரொம்ப அபூர்வமாம். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா பார்த்திருக்கலாம்மா. இப்போ வால்வைச் சுத்தி அரிச்சுப்போச்சு" என்றார்.

அந்தக் கிளினிக்காரனை நான் மன்னிக்க மாட்டேன். 'விடுப்பா, விதி' என்று கமென்ட் போட வருகிறவர்கள் அப்படியே நகர்ந்து போய்விடுங்கள்.

அடக்கம் இன்று சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து. தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

நாளைக்கு லோடு இறக்கியதும் வண்டியைக் கழுவப் போவதில்லை. நேராக அந்தக் கிளினிக் வாசலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைப்பேன். வெயில் ஏறட்டும். நல்லாப் பொத்தட்டும் மூக்கை.

போய் வாங்க பாய். இனிமே எவனுக்காகவும் அத்தர் பூச வேணாம்.