கூரையில் முட்டிய காதுகள்

அக்கா லண்டனுக்குப் போகும்போது தன் நாயை என்னிடம் விட்டுப் போனாள். "கொஞ்ச நாளைக்குத்தான் தம்பி. அலுவலெல்லாம் முடிஞ்ச உடன அனுப்பிவிடு" என்றாள். அத்தான் அங்கே போய்ப் பல வருடங்களாகியும் அவளுக்கு விசா கிடைக்காமல் இருந்தது. அந்தக் காலமெல்லாம் தெல்தோட்டையில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு தனியாக இருந்தாள். பாடசாலை வாசலில் மழையில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து வளர்த்தாள். சாதாரண ஊர் நாய்தான். செம்மண் நிறம், கூரான காதுகள்.

"லண்டனில நாயே இல்லையா?" என்று நான் வேலை செய்யும் கந்தோரில் கேட்காதவர்கள் இல்லை.

நாயை அனுப்புவதென்றால் முதலில் அதன் தோலுக்கு அடியில் அடையாள நம்பர் உள்ள ஒரு சிப் பொருத்த வேண்டும் என்றார்கள். கண்டியில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். நான் இருக்கும் கடுகண்ணாவையிலிருந்து நாயை ஏற்றிப்போக ஆட்டோக்காரர்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு வானைத்தான் பிடித்தேன். வைத்தியர் சிப்பைப் பொருத்திவிட்டுத் தடுப்பூசி அட்டையைப் புரட்டினார்.

"சேர், சிப் போட முந்திப் போட்ட ஊசி ஒண்டும் செல்லாது. திரும்பப் போடணும்."

"அதே நாய்தானே டொக்டர்? விசர்நாய் ஊசி வருஷம் தவறாமல் போட்டிருக்கு."

"நமக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே. நம்பர் இல்லாம போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டதெண்டு கேப்பாங்க. ஒண்டும் செய்ய ஏலா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. திரும்ப ஊசி. பிறகு ஒரு மாதம் பொறுத்து இரத்தம் எடுத்து, ஊசி பிடித்திருக்கிறதா என்று பார்க்க வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு நல்லபடியாக வந்தது. இனி அனுப்பலாம் என்று நினைத்தேன். இல்லையாம். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழிய வேண்டுமாம். "ஊசி பிடிச்சிருக்கு எண்டு வந்த பிறகு எதுக்குக் காத்திருக்கிறது?" என்று அக்காவிடம் போனில் கத்தினேன். அவள் அழுதாள். விதியை எழுதியவர்களிடம் கத்த முடியாமல் அவளிடம் கத்தினேன் என்று அப்போதே தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

ஒருவழியாகப் புறப்படும் நாள் வந்தது. அரசாங்க மிருக வைத்தியர் தந்த சான்றிதழ் சில நாள்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும். பயணிகளோடு விமானத்தில் போக முடியாது, சரக்காகத்தான் அனுப்பலாம் என்பதால் பெரிய கூடு ஒன்று வாங்கியிருந்தேன். விடிய முன்னரே ஒரு வாடகை வானில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சரக்குப் பகுதி அதிகாரி கூட்டுக்குள் குனிந்து பார்த்தார். சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் சத்தத்துக்கு நாய் காதுகளை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டு நின்றது. இரண்டு நுனியும் கூரையில் முட்டின.

"காது படக்கூடாது" என்று சிங்களத்தில் சொன்னார். "பெரிய கூடு கொண்டுவாங்க."

வீட்டில் நான் அளந்தபோது நாய் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு அசதியாக நின்றிருந்தது என்று எப்படி விளங்கப்படுத்துவது? காதைக் கையால் அமர்த்திக் காட்டினேன். கையை எடுத்ததும் அது மறுபடி எழும்பியது. அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

"என்னங்க சார், திரும்பிப் போயிருவமா?" என்று வான்காரர் மெதுவாகக் கேட்டார். அவர் தெல்தோட்டைக்காரர். அக்காவிடம் படித்த பிள்ளைகளில் ஒருவரின் தகப்பன் என்று வழியில் சொல்லியிருந்தார்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் நாய் வாந்தியெடுத்தது. வானை ஓரத்தில் நிறுத்தி இருவருமாகக் கழுவினோம். வாயைத் திறந்தால் அவர்மேல் பாய்ந்திருப்பேன். புதிய கூடு கிடைப்பதற்குள் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. மறுபடி லீவு, மறுபடி அரசாங்க வைத்தியர், மறுபடி விமானத்தில் இடம். இரண்டாம் தடவை அதே அதிகாரி கூட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையசைத்தார். அவ்வளவுதான். நாயைத் தட்டிக்கொடுக்கக்கூட நேரம் தரவில்லை. வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அக்கா நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீடியோவில் வந்தாள். "தம்பி, நீ இல்லாட்டி இது நடந்திராது" என்றாள். எனக்கு மனம் நிறைந்தது. ஏழெட்டு மாத எரிச்சல் அந்த ஒரு பேச்சில் அடங்கியது.

போன கிழமை மறுபடி போன் எடுத்தாள்.

"வாற வருஷம் ஊருக்கு வாறம். இவனையும் கூட்டிக்கொண்டு வரலாமோ எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லன்."

"ஓம், பாப்பம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். இன்னும் விசாரிக்கவில்லை.