மலையின் இடப்பக்கம்

எல் போர்டு கட்டிய மோட்டார் சைக்கிளைக் கிரிவலப் பாதையில்தான் ஓட்டிப் பழகினேன். மலையை வலக்கைப் பக்கம் வைத்தே சுற்றுகிற ஊர். நானும் அப்படியே காற்றைக் கிழித்துச் சுற்றினேன். லைசென்ஸ் சோதனையில் எட்டுப் போடச் சொன்னார்கள். வலது வட்டம் வெண்ணெயாய் வழுக்கிப் போனது. இடது வட்டத்தில் கால் தரையைத் தொட, திருப்பி அனுப்பிவிட்டார் இன்ஸ்பெக்டர்.

மறுநாளே எதிர்த்திசையில் கிளம்பினேன். அடி அண்ணாமலை டீக்கடைக்காரர் மறித்தார்.

"இன்னாப்பா, மலைய எடதுபக்கம் வச்சிக்கினு போற? சாமி கோச்சிக்கப் போவுது."

"சாமி கோச்சிக்காதுண்ணா. இன்ஸ்பெக்டர்தான் கோச்சிக்கினாரு."

"அப்ப ரெண்டு சுத்து ஜாஸ்தியாவே போ."

அடுத்த சோதனையில் எந்த வட்டத்திலும் கால் இறங்கவில்லை. எல் போர்டைக் கழற்றினேன். வீட்டுக்கு நேர்வழி இருந்தும், மலையை வலப்பக்கம் வைத்து ஒரு முழுச்சுற்று வந்துதான் போனேன்.